ஓமர் எண்ணிக்கை: 49 ராத்திரி எப்படி எண்ணணும், எண்ணிட்டு என்ன யோசிக்கணும் – முழுமையான வழிகாட்டி

ஜெருசலேம்ல ஒரு வயசான அம்மாவ ஆறு வருஷம் பாத்துக்கிட்டேன், இங்க எங்க வேலைக்கு மெதப்பெலெத்னு பேரு, அவங்கள நான் சவ்தானுதான் கூப்பிடுவேன், ஹீப்ரூல பாட்டினு அர்த்தம். முதல் வருஷம் பஸ்கா, அதாவது எகிப்து அடிமைத்தனத்துலேந்து விடுதலை ஆனத யூதர்கள் கொண்டாடற பண்டிகையோட ரெண்டாம் ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி கவுத்துட்டு வந்து பாக்கறேன், சவ்தா வாக்கர பிடிச்சுக்கிட்டு ஜன்னல்கிட்ட நிக்கறாங்க, நல்லா இருட்டிடுச்சானு வானத்த பாத்துட்டு மெதுவா ரெண்டு வரி சொன்னாங்க, சொல்லி முடிச்சதும் உக்காந்துட்டாங்க. அடுத்த ராத்திரியும் அதேதான். முழங்கால் வலியில எந்திரிக்கறதே பெரும்பாடு, ஆனா இதுக்கு மட்டும் நின்னுதான் சொல்லுவேன்னு பிடிவாதம். மூணாவது ராத்திரி கேட்டேன், என்ன சவ்தா பண்றீங்கன்னு. நாள் எண்றேன்னாங்க.

அப்படித்தான் எனக்கு ஸெஃபிராத் ஹாஓமெர், அதாவது ஓமர் எண்ணிக்கை, தெரிய வந்துச்சு. யூதர்கள் வீட்ல வேலை பாக்கற நம்ம ஆளுங்க, பழைய ஏற்பாடு படிக்கறவங்க, சும்மா தெரிஞ்சுக்க ஆசைப்படறவங்க எல்லாரும் அப்பப்ப என்கிட்ட கேக்கறதால முழுசா எழுதி வைக்கறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல, எத எண்றாங்க?

ஓமர்ங்கறது ஒரு அளவு, நம்ம ஊர்ல படி, மரக்கால்னு சொல்ற மாதிரி. எப்பாங்கற அளவுல பத்துல ஒரு பங்கு, ரெண்டு லிட்டருக்கு மேல வரும். ஜெருசலேம் ஆலயம் இருந்த காலத்துல யூதர்களோட நிசான் மாசம் 16-ஆம் நாள், அதாவது பஸ்காவோட ரெண்டாம் நாள், புது வாற்கோதுமை அறுத்து ஒரு ஓமர் மாவு காணிக்கையா கொண்டு போவாங்க, அது போற வரைக்கும் அந்த வருஷத்து புது தானியத்த யாரும் தொட மாட்டாங்க. அந்த நாள்லேந்து ஏழு முழு வாரம் எண்ணி அம்பதாவது நாள் பண்டிகை கொண்டாடணும்னு லேவியராகமம் 23-லயும், கதிர்ல அரிவாள் வைக்கற நாள்லேந்து ஏழு வாரம் எண்ணுன்னு உபாகமம் 16-லயும் இருக்கு. தமிழ் பைபிள்ல லேவியராகமத்துல கதிர்க்கட்டுன்னு வரும், அதனால பலபேருக்கு இதுதான் ஓமர்னு பிடிபடறதில்ல. அந்த அம்பதாவது நாள் பண்டிகைதான் ஷவுவோத், பெந்தெகொஸ்தேனு கிறிஸ்தவங்க சொல்ற பேருக்கும் கிரேக்கத்துல அம்பதாவதுனுதான் அர்த்தம்.

கி.பி. 70-ல ஆலயம் இடிஞ்சு போச்சு. வாற்கோதுமை கொண்டு போக இடமில்ல, ஆனா எண்றத மட்டும் இவங்க விடவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் எண்ணிட்டுத்தான் இருக்காங்க. எகிப்துலேந்து விடுதலை ஆனதுலேந்து சீனாய் மலையில தோரா, அதாவது யூதர்களோட வேதம், கிடைச்ச நாள் வரைக்கும் உள்ள பயணமா இத பாக்கறாங்க. அடிமை விடுதலை நாள எப்ப வரும்னு எண்ற மாதிரி, தோராவுக்கு ஏங்கி எண்றோம்னு ஒரு விளக்கம். ஆரம்பத்துல படைக்கறது வாற்கோதுமை, அந்தக் காலத்துல மாட்டுக்கும் கழுதைக்கும் போடற தீவனம், கடைசியில ஷவுவோத்ல படைக்கறது கோதுமையில புளிக்க வச்சு சுட்ட ரெண்டு ரொட்டி, மனுஷன் சாப்பாடு. நடுவுல இருக்கற ஏழு வாரத்துல நாமளும் அந்த மாதிரி கொஞ்சம் மாறணும்னு சொல்லுவாங்க.

எனக்கு எல்லாத்தையும் விட பிடிச்சது வேற ஒண்ணு. வனாந்தரத்துல மன்னா, அதாவது வானத்துலேந்து வந்த சாப்பாடு, விழுந்தப்ப ஆளுக்கு ஒரு ஓமர்னுதான் சேக்க சொன்னாங்க, யாத்திராகமம் 16-ல இருக்கு. நிறைய அள்ளினவனுக்கு மிச்சம் இல்ல, கொஞ்சமா அள்ளினவனுக்கு குறைச்சலும் இல்ல, நாளைக்குனு பதுக்கி வச்சது புழுத்துப் போச்சு. அதாவது ஓமர்னா ஒரு ஆளுக்கு ஒரு நாள் பங்கு. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப் போறது இத பிடிச்சுக்கிட்டுத்தான், ஒரு நாளைக்கு ஒரு பங்கு, அவ்ளோதான் எடுத்துக்கணும்.

எப்ப ஆரம்பிக்கணும்

பஸ்காவோட ரெண்டாவது ராத்திரி. 2026-ல ஏப்ரல் 2 வியாழன் ராத்திரி முதல் எண்ணிக்கை, மே 20 புதன் ராத்திரி 49, மறுநாள் சாயங்காலம் ஷவுவோத். 2027-ல ஏப்ரல் 22 ராத்திரி தொடங்கி ஜூன் 9 ராத்திரி முடியும். கராயிம்னு ஒரு பிரிவு யூதர்கள் "ஓய்வுநாளுக்கு மறுநாள்"ங்கற வசனத்த சனிக்கிழமைக்கு மறுநாள்னு எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமைலேந்து எண்ணுவாங்க, அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய தகராறு, அதுக்குள்ள போகல.

ராத்திரி எண்ற முறை

யூத நாள் சூரியன் அஸ்தமிச்சதும் ஆரம்பிக்குது, அதனால நட்சத்திரம் தெரியற நேரத்துல எண்ணணும். முதல்ல இன்னைக்கு எத்தனையாவது நாள்னு சரியா தெரிஞ்சுக்கணும், நம்பர் தெரியாம ஆசீர்வாதம் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. அப்புறம் எந்திரிச்சு நிக்கணும், ஆசீர்வாதம் சொல்லணும், உலகத்தின் ராஜாவான எங்கள் தேவனே, உம் கட்டளைகளால எங்கள பரிசுத்தப்படுத்தி ஓமர் எண்ணச் சொல்லி எங்களுக்கு கட்டளையிட்டவரே நீர் ஸ்தோத்திரிக்கப்பட்டவர்னு அதோட அர்த்தம். உடனே எண்ணிக்கை. முதல் நாள் "ஹயோம் யோம் எஹாத் லாஓமெர்", இன்னைக்கு ஓமர்ல ஒரு நாள். ஏழாவது நாள்லேந்து வாரத்தையும் சேத்து சொல்லணும், எட்டாவது நாள்னா இன்னைக்கு எட்டு நாள், அதாவது ஒரு வாரமும் ஒரு நாளும்னு வரும். நாளும் எண்ணு வாரமும் எண்ணுன்னு வேதத்துல ரெண்டும் இருக்கறதால இப்படி.

இங்க ஒண்ணு அழுத்தி சொல்றேன். நீங்க யூதர் இல்லன்னா அந்த ஆசீர்வாதத்த சொல்லாதீங்க. "எங்களுக்கு கட்டளையிட்டவரே"னு வருது பாருங்க, அது அவங்களுக்கு குடுத்த கட்டளை, நாம சொன்னா அது உண்மையில்லாத பேச்சாயிடும். பக்கத்துல நின்னு ஆமென் சொல்லலாம், நம்ம பாஷையில நாள எண்ணிக்கலாம், யோசிக்கலாம். சவ்தா சொல்லி முடிச்சதும் நான் தமிழ்ல "இன்னைக்கு பதினோரு நாள், ஒரு வாரமும் நாலு நாளும்"னு சொல்லுவேன், அத கேட்டு அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம்.

எண்ணி முடிச்சதும் ஆலயம் திரும்ப எழும்பணும்னு ஒரு வரி ஜெபம், அப்புறம் 67-ஆம் சங்கீதம் படிக்கற வழக்கம் இருக்கு. ஹீப்ரூல தலைப்ப விட்டுட்டு எண்ணினா ஏழு வசனம், நாப்பத்தொன்பது வார்த்தை, ஏழு கிளை குத்துவிளக்கு மாதிரியே அத வரைஞ்சு வச்சிருப்பாங்க. பூமி தன் பலன தரும்னு ஒரு வசனம் வரும், அறுவடை காலத்துக்கு அப்படியே பொருந்தும். தமிழ்ல படிக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, கண்டிப்பா படிங்க.

ஒரு தடவ பொழுது சாயற நேரம் பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டி இன்னைக்கு எத்தனாவது நாள்னு கேட்டாங்க, சவ்தா "நேத்து பதினாலு"ன்னாங்க. எனக்கு திக்குனு ஆயிடுச்சு, ஞாபக மறதி ஆரம்பிச்சிடுச்சோனு பயந்தே போயிட்டேன். அப்புறம்தான் விளக்கினாங்க, இன்னைக்கு நம்பர சும்மா வாய்தவறி சொல்லிட்டா அதுவே எண்ணினதா ஆயிடும், அப்புறம் ஆசீர்வாதத்தோட எண்ண முடியாது, அதனால நேத்து நம்பரத்தான் சொல்லுவாங்களாம். யூதங்க வீட்ல வேலை பாக்கறவங்க இத ஞாபகம் வச்சுக்கோங்க, உங்களுக்கும் இந்த பயம் வரலாம்.

அட்டை விஷயம். 49 கட்டம் போட்ட பேப்பர் ஃப்ரிட்ஜ்ல மேக்னெட் வச்சு ஒட்டியிருப்போம், எண்ணினதும் ஒரு டிக். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பேனாவ எடுத்ததும் கைய பிடிச்சுட்டாங்க, சபாத்ல, அதாவது வெள்ளி சாயங்காலத்துலேந்து சனி ராத்திரி வரைக்கும் உள்ள ஓய்வுநாள்ல, எழுதக் கூடாது. நான் யூதப் பொண்ணு இல்லயே நான் எழுதலாமேன்னேன், எனக்காக நீ எழுதினா நான் எழுதின மாதிரிதான்னாங்க. சனி ராத்திரி நட்சத்திரம் வந்ததும் ரெண்டு டிக்கா போட்டோம். இதுக்காகவே அந்தக் காலத்துல மரப்பெட்டிக்குள்ள சுருள் வச்சு குமிழ திருகற மாதிரி செஞ்சாங்க, போர்ச்சுகல், ஸ்பெயின் வழி வந்த யூதர்கள் பலகைல ஓமர், வாரம், நாள்னு மூணு எழுத்து போட்டு நம்பர மாத்துவாங்க. இப்ப மொபைல்ல அலாரம் வச்சுக்கறவங்கதான் நிறைய.

மறந்துட்டா

ராத்திரி மறந்துட்டா மறுநாள் பகல்ல ஆசீர்வாதம் இல்லாம எண்ணிட்டு, அடுத்த ராத்திரிலேந்து வழக்கம் போல ஆசீர்வாதத்தோட தொடரலாம். பகலும் போயிடுச்சு, பொழுது சாஞ்சிடுச்சுன்னா மிச்ச எல்லா ராத்திரியும் எண்ணலாம், ஆனா ஆசீர்வாதம் கிடையாது. எண்ணினேனா இல்லையானு சந்தேகம்னா ஆசீர்வாதத்தோடயே தொடரலாம். வேதத்துல "முழு வாரங்கள்"னு இருக்கறதால 49 நாளும் சேந்து ஒரே கட்டளைனு ஒரு பழைய கருத்து, ஒவ்வொரு ராத்திரியும் தனித்தனி கட்டளைனு இன்னொரு கருத்து, ரெண்டுக்கும் மதிப்பு குடுத்துத்தான் இந்த மாதிரி நடுவுல ஒரு வழி வச்சிருக்காங்க.

நாலாவது வருஷம் 22 நாள் வரைக்கும் எண்ணிட்டாங்க. மறுநாள் சாயங்காலம் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, எக்ஸ்ரே, ராத்திரி முழுக்க ஸ்ட்ரெச்சர்லயே கிடந்தாங்க, மறுநாள் பகலெல்லாம் வலி மாத்திரை மயக்கம். வீட்டுக்கு வந்து சேரும்போது வெளிய இருட்டு. ஃப்ரிட்ஜ பாத்தாங்க, 23 கட்டம் காலியா இருந்துச்சு. நான் பேனாவ எடுத்து அதையும் டிக் பண்ணிடலாமேன்னேன், பாவம் ஆஸ்பத்திரியில இருந்தவங்கதானேனு. வேண்டாம், அது காலியாவே இருக்கட்டும்னாங்க. பக்கத்து வீட்டம்மாவ வரச் சொல்லி அவங்க ஆசீர்வாதம் சொல்ல சவ்தா ஆமென் மட்டும் சொன்னாங்க, அப்புறம் கைக்கட்டோட என் தோள பிடிச்சு எந்திரிச்சு, இன்னைக்கு இருபத்து நாலு நாள், மூணு வாரமும் மூணு நாளும்னு எண்ணினாங்க. அடுத்த இருபத்தஞ்சு ராத்திரியும் அப்படியேதான், ஒண்ணு கூட விடல. அந்த காலி கட்டத்தோட அந்த பேப்பர் இப்ப என்கிட்ட இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், தினசரி யோசனை

வெறும் எண்ணிக்கையோட நிறுத்திக்கறவங்க நிறைய பேர், அதுவே கட்டளைக்கு போதும். இதுக்கு மேல ஏழு வாரத்தையும் ஏழு குணமா பிரிச்சு யோசிக்கறது கபாலாங்கற யூத மறைஞான வழி, 16-ஆம் நூற்றாண்டுல ஸ்ஃபாத் நகரத்துல இருந்த ரபி (யூத மத குரு) ஐசக் லூரியா, ஆரினு சொல்லுவாங்க, அவர் போதனை வழியா பரவினது. ஏழு குணமும் இதுதான்: ஹெசெத் அன்பு, தாராளம். கெவூரா கட்டுப்பாடு, எல்லை. திஃபெரெத் அந்த ரெண்டும் சரியா கலந்த அழகு, இரக்கம். நெத்ஸாஹ் விடாம நிக்கறது. ஹோத் பணிவு. யெசோத் அஸ்திவாரம், பிணைப்பு. மல்ஹூத் ராஜ்யம், நினைச்சது எல்லாம் செயலா வந்து நிக்கற இடம்.

வாரத்துக்கு ஒரு குணம், அதுக்குள்ள நாளுக்கு ஒரு குணம். முதல் வாரம் ஹெசெத், அதுல முதல் நாள் அன்புக்குள்ள அன்பு, ரெண்டாம் நாள் அன்புக்குள்ள கட்டுப்பாடு, இப்படியே போய் 49-ஆம் நாள் மல்ஹூத்துக்குள்ள மல்ஹூத். அட்டை பாத்தாலே புரிஞ்சிடும், மனப்பாடம் பண்ண வேண்டாம்.

செய்முறை இதுதான். ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க. ராத்திரி எண்ணினதும் அன்னைக்கு ஜோடிய எழுதிட்டு, அதுல உங்க வாழ்க்கையில உள்ள ஒரே ஒரு ஆள் அல்லது ஒரே ஒரு வேலைய மட்டும் எழுதுங்க. மறுநாள் பகல் முழுக்க அத கூடவே வச்சுக்கணும், சாயங்காலம் அடுத்த எண்ணிக்கைக்கு முன்னாடி என்ன ஆச்சுனு ஒரே வரி எழுதணும். பலபேர் தப்பு பண்றது எங்கன்னா, டைரி மாதிரி முடிஞ்ச நாள நினைச்சு எண்றாங்க. இங்க நாள் ராத்திரியில ஆரம்பிக்குது, அதனால நீங்க எண்றது இனிமே வரப்போற நாள, எண்ணி கையில வாங்கிக்கிட்டு அப்புறம்தான் அத வாழப் போறீங்க. இது எனக்கு புரிய ரெண்டு வருஷம் ஆச்சு, புரிஞ்சப்புறம் எல்லாமே மாறிடுச்சு.

உதாரணத்துக்கு ரெண்டாம் நாள், அன்புக்குள்ள கட்டுப்பாடு. சவ்தாவுக்கு கை நடுங்கும், சூப் சிந்தும், நான் உடனே ஸ்பூன வாங்கி ஊட்டி விட்டுடுவேன், அதத்தான் அன்புனு நினைச்சிட்டிருந்தேன். அன்னைக்கு நோட்டுல "ஸ்பூன்"னு ஒரு வார்த்தை எழுதினேன். மத்தியானம் ஸ்பூன அவங்க பக்கத்துல வச்சுட்டு என் ரெண்டு கையையும் மடியில கோத்து வச்சுக்கிட்டேன். இருபது நிமிஷம் ஆச்சு, மேஜைத்துணி பாதி நனைஞ்சுது, ரெண்டு தடவ கை தானா நீண்டுச்சு, இழுத்துக்கிட்டேன். கிண்ணத்த காலி பண்ணிட்டு என்ன பாத்து ஒண்ணும் சொல்லல, இன்னும் கொஞ்சம் ஊத்துனு கிண்ணத்த மட்டும் நீட்டினாங்க.

மூணாம் நாள் இரக்கம், யாருக்கு எது தேவைனு பாத்து குடுக்கறது. நாலாம் நாள் விடாத அன்பு, நான் எழுதினது ஊர்ல இருக்கற அம்மாவுக்கு தினம் போன். அஞ்சாம் நாள் பணிவான அன்பு, அடுத்தவங்க குடுக்கறத மறுக்காம வாங்கிக்கறது, எனக்கு இது ரொம்ப கஷ்டம். ஆறாம் நாள் பிணைப்பு, ஏழாம் நாள் அது எதாவது ஒரு செயலா முடியணும்.

ரெண்டாவது வாரம் கெவூரா, கோவம் இருக்கறவங்களுக்கு இந்த வாரத்துலதான் வேலை அதிகம். எத சொல்லாம விடணும்னு யோசிங்க. நாலாவது வாரம் நெத்ஸாஹ்ல பெரும்பாலானவங்களுக்கு சலிப்பு தட்டிடும், நோட்டு எங்க போச்சுன்னே தெரியாது, அதுதான் அந்த வாரத்தோட பாடமே, ரெண்டு வார்த்தையாவது எழுதிடுங்க. அஞ்சாவது வாரம் ஹோத், ஹீப்ரூல நன்றி சொல்றதுக்கும் தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரே வேர்ச்சொல்தான். அதனால இந்த வாரம் நான் ரெண்டுத்தையும் சேத்து செய்வேன், யாருக்கு நன்றி சொல்லாம விட்டேன், எத ஒத்துக்காம விட்டேன், ரெண்டும் பல நேரம் ஒரே ஆளாத்தான் இருக்கும்.

தயவு செஞ்சு பட்டியல் போடாதீங்க. ஒரே நாள்ல பொறுமை, பணிவு, தூக்கம், கடன், மாமியார்னு அஞ்சு விஷயத்த அள்ளி வச்சா மன்னா கதைதான், மறுநாளே புழுத்துடும்.

துக்க நாட்களும் மத்த நாட்களும்

இந்த காலத்துல கல்யாணம் வைக்க மாட்டாங்க, முடி வெட்ட மாட்டாங்க, பாட்டுக் கச்சேரி கிடையாது. ரபி அகிவாவோட சீடர்கள் 12,000 ஜோடி பஸ்காவுக்கும் ஷவுவோத்துக்கும் நடுவுல செத்துப் போனாங்க, காரணம் ஒருத்தர ஒருத்தர் மதிக்கலனு தல்மூத், அதாவது பழைய யூத குருக்களோட போதனை நூல், சொல்லுது. எத்தன நாள் துக்கம்னு சமூகத்துக்கு சமூகம் வழக்கம் மாறும், வேலை பாக்கற வீட்ல கேட்டுக்கோங்க. அதே கதையில அடுத்து வர்ற பகுதிய பலபேர் விட்டுடறாங்க, உலகமே வெறிச்சோடி போச்சு, அகிவா தெற்குப் பக்கம் போய் திரும்ப அஞ்சு பேருக்கு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சார், தோரா அவங்களாலதான் நின்னுச்சு. இந்த ஏழு வாரமும் யாரையும் மட்டம் தட்டி பேசறதில்லனு வச்சுக்கறது நல்ல பழக்கம், நான் வச்சிருக்கேன்.

33-ஆம் நாள் லாக் பாஓமெர், துக்கம் நிக்கற நாள், ஊரெல்லாம் நெருப்பு மூட்டுவாங்க, பசங்க பல நாளா கட்டை பொறுக்கி சேப்பாங்க. கணக்குப்படி அது ஹோத்துக்குள்ள ஹோத். இஸ்ரேல்ல இருந்தீங்கன்னா இன்னொண்ணும் உண்டு, ஹோலோகாஸ்ட் நினைவு நாள் பொதுவா 12-ஆம் நாள் பக்கம் வரும், காலையில பத்து மணிக்கு ரெண்டு நிமிஷம் சைரன், பஸ்ஸ நிறுத்திட்டு ரோட்ல இறங்கி நிப்பாங்க. அன்னைக்கு நோட்டுல எதுவும் எழுத வேண்டாம்னு சவ்தா சொன்னாங்க, நானும் எழுதறதில்ல.

சபாத் மத்தியானத்துல பிர்கே அவோத்னு பழைய குருக்களோட நல்வாக்கு நூல் ஒண்ணு படிப்பாங்க, ஆறு அதிகாரம், பஸ்காவுக்கும் ஷவுவோத்துக்கும் நடுவுல வாரத்துக்கு ஒண்ணு. கபாலா வழி ஒத்து வரலன்னா இதுவே நல்ல துணை, ஆறாவது அதிகாரத்துல தோராவ அடைய 48 வழி சொல்லியிருக்கு, நாளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டு கடைசி நாள் மொத்தத்தையும் திரும்ப படிக்கறவங்க இருக்காங்க.

கடைசி ராத்திரிகள்

கடைசி வாரம் மல்ஹூத். இந்த வாரம் புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க, முன்னாடி எழுதினதுல பாதியில நிக்கறது ஒண்ண எடுத்து முடிங்க, வாங்கின பாத்திரத்த திருப்பிக் குடுக்கறது, எழுதாம விட்ட லெட்டர், அந்த மாதிரி.

49-ஆம் ராத்திரி "ஏழு வாரம்"னு முழுசா சொல்லும்போது ஒரு தனி நிம்மதி இருக்கும். அம்பதாவது ராத்திரிய எண்ணக் கூடாது, அன்னைக்கு ஷவுவோத். முழு வாரம்னு இருக்கறதால நல்லா இருட்டற வரைக்கும் பண்டிகை ஜெபத்தக்கூட ஆரம்பிக்காம காத்திருப்பாங்க, அப்புறம் விடிய விடிய முழிச்சு படிப்பாங்க, ரூத் கதையும் அந்த பண்டிகையிலதான் வாசிப்பாங்க, அதுவும் வாற்கோதுமை அறுவடையில ஆரம்பிக்கற கதைதான். பண்டிகை ஆரம்பிச்சா எழுத முடியாது, அதனால பொழுது சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நோட்ட எடுத்து முதல் நாள்லேந்து எல்லா வரியையும் சத்தமா படிச்சிடுங்க, விட்டுப் போன நாள் வந்தா "காலி"னு அதையும் படிங்க. நாங்க அப்படித்தான் சமையல்கட்டுல உக்காந்து படிப்போம், சவ்தா அவங்க பாஷையில, நான் என் பாஷையில, முடிச்சுட்டு பேப்பர ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து பஸ்கா ராத்திரி படிக்கற ஹகாதா புஸ்தகத்துக்குள்ள வச்சிடுவாங்க, அடுத்த வருஷம் ரெண்டாம் ராத்திரி தேட வேண்டியதில்ல.